மேனுவல் கியர் பிக்கப்: கரடுமுரடான நெடும்பயணத்துக்கு எதைப் பார்த்து எடுப்பது?

கல்பாதை:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம், இப்போது வண்டி எடுத்தே தீருவது என்று முடிவாகிவிட்டது. நானும் மனைவியும் தார்ச்சாலை முடிந்த பிறகும் தொடர்ந்து போகிற மாதிரி, கிளம்பினால் வாரக்கணக்கில் வெளியே இருக்கிற மாதிரி பயணங்கள் போகத் திட்டம். மலைப்பாதை, ஓடை, கல் நிறைந்த ஆற்றுப்படுகை, இவைதான் பெரும்பகுதி. மணல் கொஞ்சம் வரும். பாறை மேல் ஏறிக் காட்டுகிற போட்டி ஆஃப்ரோடு எனக்கு வேண்டாம். போன இடத்திலிருந்து சொந்தச் சக்கரத்தில் திரும்பி வர வேண்டும், அதுதான் முதல் தேவை.

டபுள் கேபின், லோ ரேஞ்ச் (மிக மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கூடுதல் கியர் அடுக்கு) உள்ள ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர். இந்த மூன்றிலும் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் யாரிடம் கேட்டாலும் "இந்தக் காலத்தில் மேனுவலா, ஆட்டோமேட்டிக் எடுங்கள்" என்றுதான் பதில் வருகிறது. ஷோரூமில் இன்னொரு படி மேலே போய், ஒரே என்ஜினுக்கு மேனுவலில் டார்க் (என்ஜினின் சுழற்று விசை) குறைவாகவும் ஆட்டோமேட்டிக்கில் அதிகமாகவும் இருப்பதைக் காட்டி, "கம்பெனியே எது நல்லது என்று சொல்லிவிட்டது பாருங்கள்" என்கிறார்கள். எனக்கு மேனுவல்தான் கைக்குப் பழகியது. இறக்கத்தில் வண்டி என் சொல்பேச்சு கேட்க வேண்டும், நடுவழியில் எது கெட்டாலும் ஏதாவது ஒரு மெக்கானிக்கால் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். இந்தக் காரணங்கள் இன்றைய வண்டிகளுக்கும் பொருந்துமா, இல்லை பழைய நினைப்பில் பேசுகிறேனா?

டொயோட்டா ஹைலக்ஸ், இசுசூ டி-மேக்ஸ், டொயோட்டாவின் பழைய லேண்ட் க்ரூசர் 79, ஜீப் கிளாடியேட்டர், டொயோட்டா டகோமா என்று பட்டியல் நீள்கிறது. வண்டிப் பெயரைவிட, எந்த எண்ணைப் பார்ப்பது, ஓட்டிப் பார்க்கும்போது எதைச் சோதிப்பது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

டீசல்நெடி:

நண்பரே, உங்கள் காரணங்கள் இன்றைக்கும் சரிதான், ஆனால் ஒரு நிபந்தனை. மேனுவல் பிக்கப் ஆஃப்ரோடில் நன்றாக இருப்பதும் நரகமாக இருப்பதும் ஒரே ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: லோ ரேஞ்சில் முதல் கியர் எவ்வளவு குட்டை. ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அது எண்ணெய் வழியாகவே விசையைக் கடத்துவதால், வண்டி நின்றாலும் என்ஜின் நிற்காது. மேனுவலில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச் பிளேட். கியர் போதுமான அளவு குட்டையாக இல்லாவிட்டால், மெதுவாகப் போக வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி மிதித்த நிலை) பிடித்துத்தான் சமாளிக்க வேண்டும், பிளேட் தேய்வதும் கருகுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதனால் பிரோஷரில் குதிரைத்திறனைத் தேடுவதற்கு முன்னால் மூன்று எண்களைத் தேடுங்கள். முதல் கியர் விகிதம், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி, லோ ரேஞ்ச் இதில்தான் இருக்கிறது) லோ விகிதம், ஆக்ஸில் விகிதம். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் கிரால் ரேஷியோ. உதாரணமாக 4.5, 2.5, 4 என்று இருந்தால் 45. அதாவது என்ஜின் 45 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 18 சுற்றுக்குள், 31 அங்குல டயரில் வேகம் மணிக்கு சுமார் இரண்டரை கிலோமீட்டர். சாதாரணமாக ஒரு ஆள் நடப்பதில் பாதி. இந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரையும் தொடாமல், கிளட்சையும் தொடாமல், இரண்டு கால்களையும் தரையில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் பார்த்து ஓட்டலாம். கல் நிறைந்த படுகையில் அந்த நிதானம் ரொம்ப முக்கியம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உச்சத்தைச் சொல்கிறேன். கிளாடியேட்டர் ருபிகான் மேனுவலில் முதல் கியர் 5.13, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் 4, ஆக்ஸில் 4.10. பெருக்கினால் 84. அதே வண்டியின் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.71, பெருக்கினால் 77. வண்டி உண்மையிலேயே ஊர்ந்து போகும், மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவில். உங்களுக்கு அவ்வளவு தேவையா என்றால், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தேவையில்லை. 40-க்கு மேல் இருந்தால் சுமை ஏற்றிய வண்டியையும் நிதானமாக ஓட்டிவிடலாம். 35-க்குக் கீழே என்றால், அதுவும் பின்னால் பாதி வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிற ஆளுக்கு, நான் மேனுவலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டார்க் விஷயத்துக்கு வருகிறேன். 2020-ல் வந்த 2.8 லிட்டர் ஹைலக்ஸில் ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர், மேனுவலுக்கு 420. ஷோரூமில் காட்டியது இதுவாகத்தான் இருக்கும். என்ஜின் அதேதான். கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டும் என்பதற்காக மேனுவலில் அளவோடு விட்டிருக்கிறார்கள். அதே காலத்து டி-மேக்ஸ் 3 லிட்டரை எடுத்துப் பாருங்கள், இரண்டு கியர்பாக்ஸுக்கும் ஒரே 450. எனவே "கம்பெனியே சொல்லிவிட்டது" என்பது அந்த ஒரு வண்டியின் கதை, மேனுவல் என்ற இனத்துக்கே பொதுவான விதி இல்லை. தவிர லோ ரேஞ்சில் இந்த 420-ஐ 45-ஆல் பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறீர்கள். அங்கே இழுவை பற்றாமல் போகாது, டயரின் பிடிப்புதான் முதலில் தீர்ந்துபோகும்.

கிளட்ச்தட்டு:

மேலே சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் பட்டறைக்காரன், அதனால் கிளட்ச் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கிளட்ச் சாவது பெரும்பாலும் முன்னால் ஏறும்போது இல்லை, ரிவர்ஸில். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும், டிரைவர் பதற்றத்தில் நியூட்ரலுக்கோ ஹை ரேஞ்ச் ரிவர்ஸுக்கோ போவார், ஹாஃப் கிளட்சில் பிடித்துப் பிடித்து இறக்குவார். அல்லது பின்பக்கம் மேடாக இருக்கிற இடத்தில், சுமை ஏற்றிய வண்டியை ஹை ரேஞ்சிலேயே ரிவர்ஸ் எடுத்து ஏற்றுவார். சில நிமிடங்களில் அந்தக் கருகல் வாடை வந்துவிடும். ஒருமுறை வாடை வந்தால் உடனே கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தமில்லை, நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் பிரஷர் பிளேட்டும் ஃபிளைவீலும் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பிறகு பிடிப்பு பழையபடி வராது, உதறல் வரும். பிரிக்கும்போது அந்த நீலத் திட்டுகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதற்கு மருந்து எளிது. கரடுமுரடான இடத்தில் ரிவர்ஸ் என்றால் லோ ரேஞ்ச். தார்ச்சாலையில் பின்பக்கம் ட்ரெய்லரை மேட்டில் தள்ள வேண்டுமென்றால் சிக்கல், ஏனென்றால் பெரும்பாலான பிக்கப்களில் லோ ரேஞ்ச் போட்டால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தாரில் அப்படித் திருப்பினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி இறுகும். நேராக, மெதுவாக, கொஞ்ச தூரம் என்றால் மட்டும் பரவாயில்லை.

ஏற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை மேனுவல் எடுக்கிற ஒவ்வொருவரும், உங்கள் மனைவியும் சேர்த்து, முன்கூட்டியே ஒரு சாதாரண மேட்டில் பழக வேண்டும். கால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள். கை பிரேக்கும் இழுங்கள். கியரை எடுக்காமல் மூச்சு விடுங்கள், அவசரமே இல்லை. அப்புறம் பிரேக்கை விடாமல் கிளட்சை மிதித்து லோ ரேஞ்ச் ரிவர்ஸ் போடுங்கள், கிளட்சை முழுதாக விடுங்கள், கை பிரேக்கை இறக்குங்கள், கால் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். என்ஜின் இன்னும் ஓடவில்லை, கியரே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வண்டியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே என்ஜினையும் எழுப்பிவிடும். ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், வந்த தடத்திலேயே நேராக ஊர்ந்து இறங்கிவிடலாம்.

இதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இன்றைய வண்டிகளில் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பழைய டொயோட்டா சிலவற்றிலும், டகோமா மேனுவலிலும் இதற்கென்றே கிளட்ச் ஸ்டார்ட் கேன்சல் என்று டேஷ்போர்டில் ஒரு பட்டன் இருந்தது, அதை அழுத்தினால் கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் பண்ணலாம். நீங்கள் பார்க்கிற வண்டியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கால் பிரேக்கை இறுக்கி மிதித்தபடி கிளட்ச் மிதித்து ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதாக விட்ட பிறகே பிரேக்கைத் தளர்த்துவது என்று பழகிக்கொள்ள வேண்டும். லோ முதல், லோ ரிவர்ஸ் இரண்டும் நல்ல குட்டையாக இருந்தால் ஐடிலிலேயே கிளட்ச் பிடித்துக்கொள்ளும், என்ஜின் மறுபடி நிற்காது. மறுபடியும் அந்த விகிதம்தான்.

இறக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் கிளட்சை மிதிக்காதீர்கள். மிதித்த நொடியில் என்ஜின் பிடிப்பு போய்விடும், வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும்.

அப்புறம் தண்ணீர். ஓடைக்குள் இறங்கும் முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும், பெரும்பாலும் லோ ரேஞ்ச் இரண்டாவது, அக்கரை ஏறும்வரை கியர் மாற்றக் கூடாது. தண்ணீருக்குள் கிளட்ச் மிதித்தால் பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போயிருக்கிற சேற்றுத் தண்ணீர் பிளேட்டுக்கு நடுவே நுழையும், கிளட்ச் வழுக்கும். மணல் கலந்த தண்ணீரென்றால் ரிலீஸ் பேரிங்கும் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். கம்பெனி சொல்கிற ஆழம் ஹைலக்ஸுக்கு 700 மி.மீ., மூன்றாம் தலைமுறை டி-மேக்ஸுக்கு 800. அதெல்லாம் மெதுவாக, ஓட்டமில்லாத தண்ணீரில் போகும் கணக்கு. ஓடுகிற ஆற்றில் முட்டி ஆழமே வண்டியைத் தள்ளிவிடும், நடந்து பார்க்க முடியாத இடத்தில் வண்டியை இறக்காதீர்கள்.

மணல்மேடு:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நான் அதிகம் ஓட்டுவது மணலில். அங்கே ஆட்டோமேட்டிக்தான் மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இளகிய மணலில் ஏறும்போது வேகம்தான் எல்லாம். மேனுவலில் கியர் இறக்கக் கிளட்சை மிதித்து விடுவதற்குள், அந்த அரை நொடியில் மணல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். விட்டதும் விசை மொத்தமாக ஒரேயடியாகப் போய் நான்கு சக்கரமும் குழி தோண்டும். ஆட்டோமேட்டிக்கில் இந்த வெட்டு இல்லை. கிளம்பும்போதும் அப்படித்தான், டார்க் கன்வர்ட்டர் விசையை மெல்ல மெல்லக் கொடுப்பதால் சக்கரம் சுழன்று புதையாமல் வெளியே வரும். மேனுவலில் அதே மென்மை வேண்டுமென்றால் ஹாஃப் கிளட்ச், அதன் விலை என்ன என்று மேலே பட்டறை அண்ணன் சொல்லிவிட்டார்.

சரி, கல்பாதையின் பயணத்தில் மணல் கொஞ்சம்தான் என்கிறார். அப்படியானால் மேனுவலிலும் சமாளிக்கலாம், ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டும். காற்றைத் தயங்காமல் இறக்குங்கள், 18 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பியுங்கள், இளகலாக இருந்தால் 15. பெரும்பாலான புதைவுகள் காற்று இறக்காததால் வருவது, கியர்பாக்ஸால் இல்லை. மேட்டுக்கு முன்பே எந்தக் கியரில் ஏறி முடிக்க முடியுமோ அதில் இருங்கள், பாதியில் மாற்ற வேண்டி வந்தால் அது தவறான கியர். லோ ரேஞ்ச் மூன்றாவது பல இடங்களில் கைகொடுக்கும். ஏற முடியவில்லை என்று தெரிந்ததும், சக்கரம் சுழல ஆரம்பிக்கும் முன்பே கிளட்ச் மிதித்து நின்றுவிடுங்கள், வந்த தடத்தில் பின்னால் வந்து மறுபடி முயலுங்கள். இறுகி நின்ற தடம் இளகிய மணலைவிட நன்றாகத் தாங்கும். மணலில் நிறுத்தும்போதும் பிரேக்கை மிதித்து நிறுத்தாதீர்கள், டயருக்கு முன்னால் மணல் குவிந்து அடுத்த தடவை கிளம்பும்போது அதுவே தடுப்பாகிவிடும். தானாக உருண்டு நிற்கட்டும், முடிந்தால் மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி.

இன்னொன்று. வண்டியை இரண்டு பேரும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் உங்கள் மனைவிக்கும் மேனுவல் கைவந்ததா என்பதும் கியர்பாக்ஸ் முடிவில் சேர்த்தி. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகிற நாளில் மற்றவர் அந்த மலையிலிருந்து வண்டியை இறக்க வேண்டியிருக்கும்.

கல்பாதை:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனைவி மேனுவலில்தான் ஓட்டக் கற்றவர், என்னைவிட நிதானமாக ஓட்டுவார், அதில் பிரச்சினை இல்லை. அந்த ஏற்றப் பயிற்சியை இருவரும் சேர்ந்தே செய்துவிடுகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். இறக்கத்துக்கு ஹில் டிசென்ட் கண்ட்ரோல் என்று இப்போது எல்லா வண்டியிலும் வருகிறதே, அது இருக்கும்போது மேனுவலின் என்ஜின் பிரேக்கிங்குக்கு என்ன தனிச் சிறப்பு? அப்புறம், பட்டியலில் இருக்கிற வண்டிகளைப் பற்றி யாராவது நேரடியாகச் சொல்ல முடியுமா?

டீசல்நெடி:

ஹில் டிசென்ட் கண்ட்ரோல் பிரேக்கைப் பயன்படுத்தித்தான் வண்டியைப் பிடிக்கிறது, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக. சின்ன இறக்கத்துக்கு அருமை. பிடிப்பில்லாத சக்கரத்தை விட்டு மற்றதைப் பிடிப்பதில் அது நம் காலைவிடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கிற மலைப்பாதையில் பிரேக் சூடாகிக்கொண்டே இருக்கும். லோ முதலிலோ இரண்டாவதிலோ போட்டு விட்ட மேனுவலில் என்ஜினே அந்தச் சுமையைத் தாங்குகிறது, பிரேக் ஆறிப்போய் அவசரத்துக்குக் காத்திருக்கிறது. ஆட்டோமேட்டிக்கிலும் கியரைப் பூட்டி வைக்கலாம், ஆனால் மிக மெதுவான வேகத்தில் கன்வர்ட்டர் நழுவுவதால் பிடிப்பு அவ்வளவு கெட்டியாக இருக்காது. இரண்டும் சேர்ந்திருப்பது இன்னும் நல்லது. கியர் பிடிக்கட்டும், மிச்சத்தை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

வண்டிகளைப் பற்றி நம் பழையவண்டி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பழையவண்டி:

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு மாடல் மாறும், அதனால் உங்களுக்குக் கிடைக்கிற வண்டியின் விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லேண்ட் க்ரூசர் 79 மேல் எனக்குப் பெரிய மரியாதை. 70 வரிசை 1984-லிருந்து வருகிறது. லேடர் சேஸிஸ், முன்னும் பின்னும் கெட்டியான ஆக்ஸில், பின்னால் லீஃப் ஸ்பிரிங். 4.5 லிட்டர் வி8 டீசலோடு 5 கியர் மேனுவல் மட்டும்தான் வந்தது, டார்க் 430, அதுவும் குறைந்த சுற்றிலேயே கிடைக்கும். நீங்கள் கேட்கிற "பிரித்துப் பார்க்க முடிகிற" வண்டி இதுதான். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்பக்கத்தைவிட 95 மி.மீ. குறைவு, அதனால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் சரியாக உட்காராது, மணலிலும் ஆழமான சேற்றுத் தடத்திலும் வண்டி அலைபாய்வதை உணர்வீர்கள். திரும்ப நிறைய இடம் வேண்டும். உள்ளே சொகுசை எதிர்பார்க்கக் கூடாது, வாரக்கணக்கில் இரண்டு பேர் உட்காரப்போகிறீர்கள் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிளாடியேட்டர் ருபிகானைப் போல முன்னும் பின்னும் டிஃப் லாக் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுழலும்படி பூட்டுவது), முன் ஸ்டெபிலைசர் பாரை (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) விடுவிக்கிற வசதி, 33 அங்குல டயர் எல்லாம் கம்பெனியிலிருந்தே சேர்ந்து வருகிற மேனுவல் பிக்கப் அபூர்வம். ஆனால் வீல்பேஸ் 3487 மி.மீ. ஹைலக்ஸ் டபுள் கேபின் 3085, டி-மேக்ஸ் 3125. அந்த 40 செ.மீ. வித்தியாசம், குறுகிய மலைப்பாதை வளைவில் ஒரே வீச்சில் திரும்பாமல் ரிவர்ஸ் எடுத்து மறுபடி திருப்ப வேண்டி வரும்போதும், மேட்டின் உச்சியில் வயிறு தட்டும்போதும் தெரியும். 2025 மாடலிலிருந்து மேனுவலை நிறுத்திவிட்டார்கள், எனவே பழையதுதான் தேட வேண்டும்.

டகோமாவில் மேனுவல் இருக்கிறது. 2024-ல் வந்த புது 2.4 டர்போவில் மேனுவலுக்கு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 430, பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2016-லிருந்து 2023 வரையான டகோமாவில் கிரால் கண்ட்ரோலும் (தானாகவே மெதுவாக ஊர்ந்து போக வைப்பது) மல்டி டெரைன் செலக்டும் (தரைக்கு ஏற்ப வண்டியின் பிடிப்பை மாற்றுவது) ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான். பல கம்பெனிகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது, மேனுவல் எடுத்தால் நல்ல எலெக்ட்ரானிக்ஸை, சில சமயம் பின்புற டிஃப் லாக்கையே எடுத்துவிடுவார்கள். எலெக்ட்ரானிக்ஸ் போனால் போகட்டும். டிஃப் லாக் இல்லாத மேனுவலை மட்டும் எடுக்காதீர்கள், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது லாக் இருந்தால் ஐடிலிலேயே கடந்துவிடலாம், இல்லையென்றால் வேகம் கொடுத்து, கிளட்சைத் துன்புறுத்தித்தான் ஏற வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன். 2023-க்கு முந்தைய தலைமுறை மிட்சுபிஷி ட்ரைட்டன், சூப்பர் செலக்ட் உள்ள மாடல், சில நாடுகளில் எல்200 என்ற பெயர். மற்ற பெரும்பாலான பிக்கப்களில் ஃபோர் வீலைக் காய்ந்த தாரில் போடக் கூடாது. இதில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) இருப்பதால் மழை பெய்து பாதி ஈரம் பாதி காய்ந்த மலைச்சாலையில் நான்கு சக்கரத்திலும் நிம்மதியாகப் போகலாம். வீல்பேஸ் 3000 மி.மீ., நன்றாகத் திரும்பும். தொட்டி பின் ஆக்ஸிலுக்கு வெளியே கொஞ்சம் அதிகமாக நீள்கிறது, அதனால் கனமான பொருளைக் கடைசியில் வைக்காமல் கேபினை ஒட்டி வையுங்கள்.

ஹைலக்ஸா டி-மேக்ஸா என்றால், நீங்கள் போகிற வழிகளில் எதன் பாகம் எளிதாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். உண்மையாகவே அவ்வளவுதான். இரண்டுமே இந்த வேலைக்குப் பிறந்த வண்டிகள். மேனுவலில் எந்த இழப்பும் இல்லாமல் முழு டார்க் வேண்டுமென்றால் டி-மேக்ஸ் 3 லிட்டர் பக்கம் சாய்வேன்.

சுமைக் கணக்கையும் இப்போதே போடுங்கள். விவரத்தாளில் உள்ள சுமைத்திறனில் ஆட்களின் எடையும் அடக்கம். அதிலிருந்து முன்பக்க இரும்பு பம்பர், வின்ச், கூடாரம், ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ, இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் எவ்வளவு குறைவு என்று தெரியும். அளவுக்கு மீறிய சுமை, மேனுவலில் நேராகக் கிளட்சைத்தான் தாக்கும்.

மணல்மேடு:

டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. நாடு கடந்து போகிற எண்ணம் இருந்தால், கியர்பாக்ஸைவிட இது முக்கியமாகிவிடலாம். புதிய டீசல் என்ஜின்களில் புகை வடிகட்டியும் பலவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ திரவமும் இருக்கிறது. கந்தகம் அதிகமுள்ள டீசல் தொடர்ந்து ஊற்றினால் வடிகட்டி அமைப்பு கெடும், ஆட்ப்ளூ தீர்ந்துவிட்டால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற வண்டிகளும் உண்டு, கடுங்குளிரில் மைனஸ் 11 டிகிரியில் அது உறைந்தும் போகும். நல்ல டீசல் கிடைக்கிற வட்டத்துக்குள்ளேயே சுற்றுவதென்றால் கவலை வேண்டாம். இல்லையென்றால் பழைய, எளிமையான என்ஜினைத் தேடுங்கள். எதுவானாலும் தண்ணீர் பிரிக்கிற கூடுதல் டீசல் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள், காமன் ரெயில் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது.

கிளட்ச்தட்டு:

ஓட்டிப் பார்க்கும்போது எதைச் சோதிப்பது என்று கேட்டிருந்தீர்கள், அதை யாரும் தொடவில்லை.

பழைய வண்டியென்றால், நான்காவது கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் மிக மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றாலும் ஆயுள் முடிகிற நேரம். நியூட்ரலில் நிறுத்தி, கிளட்சை மிதித்து விட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். மிதித்தால் மட்டும் கீச்சென்று வந்தால் ரிலீஸ் பேரிங். ஐடிலில் கடகடவென்று உலோகச் சத்தம் வந்து மிதித்ததும் மாறினாலோ, நிறுத்தும்போது வண்டி குலுங்கினாலோ டூயல் மாஸ் ஃபிளைவீலைச் சந்தேகியுங்கள். இன்றைய டீசல் மேனுவல்கள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங் வைத்த இரண்டு அடுக்கு ஃபிளைவீல், தார்ச்சாலையில் அதிர்வைக் குறைக்கும், ஆனால் தொடர்ந்து கருகினால் தாங்காது. அப்போது கிளட்சோடு சேர்த்து ஃபிளைவீலும் போகும். சுமையோடு ஆஃப்ரோடு போகிறவர்கள் மாற்றும்போது ஒற்றை ஃபிளைவீலும் கெட்டியான கிளட்சுமாகப் போட்டுவிடுகிறார்கள், கொஞ்சம் அதிர்வு கூடும், அது பழகிவிடும்.

கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் பக்கம் எண்ணெயைத் தள்ளுவது) ஸ்லேவ் சிலிண்டரும் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சை இயக்குவது) கசிகிறதா என்று பாருங்கள். பெடலுக்கு மேலே காலணி படும் இடத்துக்குள் கையை விட்டுத் தடவினால் ஈரம் தெரியும். ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிற வண்டியாக இருந்தால் பெரிய நிம்மதி, அதற்கான ரப்பர் கிட் ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டால் வழியிலேயே மாற்றிவிடலாம். உள்ளே இருந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

லோ ரேஞ்சைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். விற்கிறவர்கள் பல பேர் அதைத் தொட்டதே இருக்காது, நெடுங்காலம் அசைக்காத ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போட மறுக்கும். போட்டு, லோ முதலில், மண் தரையில், மேட்டைப் பார்த்து நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். என்ஜின் திணறாமல் வண்டி மேட்டில் ஏறிப் போனால், அந்த வண்டியின் விகிதம் உங்களுக்குப் போதும். பிரோஷரைப் பார்க்க முடியாத இடத்தில் நான் செய்கிற சோதனை இதுதான்.

கல்பாதை:

அருமை. பக்கத்தில் ஒரு டி-மேக்ஸ் மேனுவலும் ஒரு 79-உம் விற்பனைக்கு இருக்கின்றன, இரண்டையும் இந்த வாரமே இப்படி ஓட்டிப் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: டி-மேக்ஸுக்கு 33 அங்குல டயர் போட்டிருக்கிறார்கள், முன்பு 31. அது நல்லதா?

டீசல்நெடி:

அடிவயிறு ஓர் அங்குலம் உயரும், அது லாபம். ஆனால் கியர் விகிதம் மாறாமல் டயர் மட்டும் பெரிதானால் 33-ஐ 31-ஆல் வகுத்துப் பாருங்கள், கியரெல்லாம் ஆறரை சதவீதம் நெட்டையாகிவிட்டது என்று பொருள். 45 இருந்த இடத்தில் 42 போலத்தான் நடந்துகொள்ளும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். ஆக்ஸில் விகிதத்தை மாற்றினார்களா என்று கேளுங்கள், மாற்றியிருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே விகிதம்தானா என்று கட்டாயம் உறுதி செய்யுங்கள். மாற்றவில்லையென்றால் விற்கிறவரிடம் பழைய 31 டயர்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பயணத்தை அதில் போங்கள். அப்புறம் 33 தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.